நில்லுன்னு ஒரு அட்டை

கம்ப்யூட்டர நான் கண்ணால பாத்தது கெடையாது. ஆனா மாட்டுங்கால ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல, ஞாயித்துக்கெழம காலையில, நான்தான் கம்ப்யூட்டர். "இதா பாருங்க, இதான் மிஷின்"ன்னு எங்கண்ணன் என்னயக் காட்டிச் சொல்லுவான். நான் ஸ்டூல்ல உக்காந்துருப்பேன். கை ரெண்டும் முட்டு மேல. நேரா பாக்கணும், சிரிக்கக் கூடாது, யோசிக்கவே கூடாது.

இப்ப அண்ணன் இல்ல. இந்த மழையில மஞ்சக்காமாலை வந்து போயிட்டான். நான் அஞ்சாங்கிளாஸோட நின்னவ, எனக்கு எழுத்து பேசுதாப்லதான் வரும்.

அண்ணனுக்கு ஃபோர்ட்டுல ஒரு பெரிய கம்பெனி ஆபீஸ்ல வேலை. அட்டையில ஓட்டை போடுத வேலை. மிஷினுக்கு எழுத்து தெரியாதாம், ஓட்டைதான் தெரியுமாம். அவன் போடுத ஓட்டையெல்லாம் ஒரு கண்ணாடி ரூமுக்குள்ள போகும், அங்க ஏசி போட்டு மிஷின வச்சிருக்காவ. அது என்ன செய்யணும்னு எழுதிக் குடுக்க தனியா ஆளுங்க உண்டு. இவன் அவங்க பின்னாலேயே சுத்தி, டீ குடிக்கும்போது கேட்டு, அவங்க கிழிச்சுப் போடுததப் பொறுக்கிப் படிச்சு, எப்பிடியோ கத்துக்கிட்டான். கத்துக்கிட்டவன் சும்மா இருக்கல. மாட்டுங்கா ஆளுங்க கொஞ்சப் பேருக்குச் சொல்லிக் குடுக்கப் போனான். எல்லாரும் ஆபீஸ்ல டைப் அடிக்கவங்க, கணக்கு எழுதுதவங்க. மிஷின் வந்து அவங்க நாற்காலியப் புடுங்கிரும்னு பயம்.

அவங்கள்லயும் யாரும் கம்ப்யூட்டரப் பாத்ததில்ல. பாக்காத சாமானுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்க? அதான், படிக்க வந்தவங்களயே மொதல்ல மிஷினா உக்கார வச்சுப் பாத்தான். சரிப்பட்டு வரல. எழுதிக் குடுத்ததுல எதாவது விட்டுப் போச்சுன்னா, அவங்களே மனசுக்குள்ள சேத்துப் போட்டுச் செஞ்சிருவாவ. தப்பு வெளிய வரவே வராது.

ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "ஏட்டி, ஞாயித்துக்கெழம எங்கூட வா"ன்னான்.

"எதுக்கு?"

"மிஷினா உக்கார."

"படிக்காதவன்னுதான கூப்புடுத?"

"இல்ல ட்டி. நீ தப்ப மறைக்க மாட்ட. என்ன சொன்னாலும் அப்பிடியே போட்டு ஒடைச்சிருவ."

அது நெசந்தான். எனக்குப் பெருமையா இருந்துச்சு, கொஞ்சம் கோவமும் இருந்துச்சு. ஆனா போனேன். தாராவில எங்க ரூமு ஒத்த ரூமு. சமையலும் அங்கதான் படுக்கையும் அங்கதான். கொழாயடி, ரேஷன் கடை, விட்டா ரூமு. ஞாயித்துக்கெழம அண்ணன் கூட ரயில்வே பாலத்துல ஏறி அந்தப் பக்கம் எறங்குததுதான் எனக்கு வெளிய.

மொத நாளு கிளார்க்கு சார்னு ஒருத்தர் எழுதிக் குடுத்தாவ. மாட்டுங்காக்காரர், வாயி ஓயாது. "ஸ்டேஷனுக்குப் போ. வண்டி வந்தா ஏறு." அவ்வளவுதான் அட்டையில. அண்ணன் தரையில சாக்பீஸால கோடு போட்டு இதான் பிளாட்பாரம்னான். அப்புறம் அவனே வண்டியா ஓடி வந்து நின்னான். நான் ஏறிட்டேன்.

"இது ஆபீஸ் போற வண்டியா? காலி வண்டி, யார்டுக்குப் போறது!"ன்னான்.

டைப்பிஸ்ட் அக்கான்னு ஒருத்தங்க, அவங்கதான் மொதல்ல சிரிச்சது. "போச்சு, உங்க மிஷின் யார்டுல போய்ப் படுத்துண்டுடுத்து."

"எந்த வண்டின்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?"ன்னு கிளார்க்கு சாருக்குக் கோவம்.

"சார், தெரிய வேண்டாமான்னு மிஷினக் கேக்கப்படாது. நீங்க எழுதலன்னா அதுக்குத் தெரியாது. ப்ரோகிராம்ன்னா இதான். ஒண்ணுமே தெரியாத ஒருத்தன், சொன்னா அப்பிடியே செய்வான், அவனுக்கு ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் எழுதிக் குடுத்துட்டு நீங்க வெளிய வந்துரணும். நடுவுல அவனும் உங்களக் கேக்க முடியாது, நீங்களும் உள்ள போயிக் கையப் புடிக்க முடியாது"ன்னான் அண்ணன்.

இன்னொரு நாள் வீட்டுக்கு வந்தவங்களுக்குக் காபி குடுக்குததுக்கு ப்ரோகிராம் எழுதச் சொன்னான். கிளார்க்கு சார் மூணு அட்டை எழுதினாவ. காபி வேணுமான்னு கேளு. வேண்டாம்னு சொன்னா திரும்பவும் கேளு. சரின்னு சொன்னா குடு. டைப்பிஸ்ட் அக்கா விருந்தாளி. நல்ல வீட்டுல வளந்தவங்க, எடுத்த ஒடனே சரின்னு சொல்லுவாவளா?

"காபி வேணுமா?"

"அதெல்லாம் வேண்டாம், இப்பத்தான் குடிச்சேன்."

"காபி வேணுமா?"

"ஐயோ, உனக்கு எதுக்கு சிரமம்."

"காபி வேணுமா?"

எல்லாருக்கும் சிரிப்புத் தாங்கல. நெசத்துல எத்தன தடவ கேக்கணும், எத்தனாவது தடவ சரின்னு சொல்லணும்னு நம்ம ஆளுங்க ரெண்டு பக்கமும் தெரிஞ்சு வச்சிருக்காவ. மிஷினுக்கு யாரு சொன்னா? நான் கேட்டுக்கிட்டே இருந்தேன், அக்கா வேண்டாம்னுக்கிட்டே இருந்தாவ. கடைசியில அண்ணன் வந்து என் உச்சந்தலையில மெல்ல ஒரு கொட்டு வச்சான். "கரண்டப் புடுங்கியாச்சு"ன்னான். அப்பந்தான் நிறுத்துனேன்.

எப்பமும் அப்பிடித்தான். ஏன்னா நில்லுன்னு ஒரு அட்டை எழுத எல்லாரும் மறந்துருவாவ. செய்யச் சொல்லத் தோணும், நிக்கச் சொல்லத் தோணாது. அண்ணன் கொட்டு வச்சாத்தான் நான் நிக்கது. அந்தக் கொட்டுக்காகவே நான் பேசாம செஞ்சதையே திரும்பத் திரும்பச் செஞ்சுக்கிட்டு இருப்பேன்.

அவன் படுக்கையில விழுததுக்கு முந்துன கிளாஸ்ல ஒரு ப்ரோகிராம் அவனே எழுதிக் குடுத்தான். கிளாஸுக்கு வார எல்லாருக்கும் பேரு போட்டு ஒரு அட்டை உண்டு. பழைய ஆபீஸ் அட்டை, ஓட்டை விழுந்தது, பின்னால இங்க்குல பேரு. சாருன்னு அண்ணனுக்கும் ஒண்ணு. அந்தக் கட்டுல ஒருத்தர் அட்டையத் தேடணும். மேல இருக்குத அட்டைய எடு. கேட்ட பேரா இருந்தா மேஜையில வச்சிட்டு நில்லு. இல்லன்னா அடியில சொருகு. திரும்ப மொதல்லேருந்து செய்யி.

"இதுல ஒரு ஓட்டை விட்டுருக்கேன். அடுத்த வாரம் கண்டுபுடிச்சுட்டு வாங்க"ன்னான்.

அடுத்த வாரம் அவன் வரல. ஆஸ்பத்திரில இருந்தான். அப்புறம் அதுவும் இல்ல.

எங்க பக்கம் துட்டி வீடு, அதான் சாவு வீடு, எப்பிடின்னா, ஆம்பளைங்க வெளிய பெஞ்சுல உக்காந்துருவாவ. பொம்பளைங்க உள்ள. துட்டி கேக்க ஒரு பொம்பள வாசல்ல வந்தா, வீட்டுப் பொம்பளைங்க எந்திரிக்கணும். தோள்ல கை போட்டு வட்டமா நின்னு, தலைய ஒண்ணோட ஒண்ணு சாச்சு அழணும். வந்தவ பாடுவா. "எங்க போன என் ராசா"ம்பா. ஓஞ்சதும் எல்லாரும் உக்காரலாம். அடுத்தவ வந்தா திரும்பவும் எந்திரி. வந்தவங்கள வாங்கன்னு கேக்கக் கூடாது. போகும்போது அவங்க போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாது. பேசாம எந்திரிச்சுப் போயிருவாவ.

தாராவில எங்க ஊருக்காரங்க பாதிப் பேரு. அது போக கல்யாண்லேருந்து, செம்பூர்லேருந்து, ஊர்லேருந்து ரயில் ஏறி. நாங்க மூணு பேரு, அம்மா, கல்யாண் அத்தை, நான். வாசல்ல நெழல் விழும். எந்திரிப்போம்.

மொத நாள் நான் நெசமாத்தான் அழுதேன். அப்புறம் எனக்கு அழுகை தீந்து போச்சு. கண்ணு எரியும், வாய் மட்டும் தெறக்கும். அத்தை என் இடுப்பக் கிள்ளுவா, சத்தமா அழுன்னு. வெளிய மழை, உள்ள ஊதுவத்திப் பொகை, ஈரச் சேலை நாத்தம். அண்ணன நெனைக்கக்கூட எனக்கு எடம் இல்ல. நெனைக்க ஆரம்பிச்சா வாசல்ல அடுத்த நெழல். எனக்கு வேண்டியிருந்தது ஒண்ணுதான். அந்த ரூம விட்டு ஒருக்கா வெளிய போகணும். போயி எங்கயாவது ஒரு எடத்துல யாரும் வராம உக்காரணும்.

அப்பந்தான் டைப்பிஸ்ட் அக்காவும் கிளார்க்கு சாரும் வந்தாவ. சார் வெளிய அப்பா பக்கத்துல உக்காந்துட்டாவ. அக்கா உள்ள வந்ததும் நாங்க எந்திரிச்சோம். அக்காவுக்கு எங்க பழக்கம் தெரியாது. அத்தை அவங்க கழுத்தக் கட்டி இழுத்ததும் கையப் பைய நெஞ்சோட வச்சுக்கிட்டு மரமா நின்னாவ. "எங்க போன என் ராசா"ன்னு அத்தை காதுக்குள்ள பாடுதா. அவங்க பாவம், "தெரியலையே மாமி, தெரியலையே"ன்னு பதில் சொல்லுதாவ.

ஓஞ்சு உக்காந்த பொறவு என் பக்கத்துல குனிஞ்சு சொன்னாவ. "திங்கக்கெழமை எங்களுக்கு டெஸ்ட். ப்ரோகிராம் எழுத கம்பெனியிலேயே ஆள் எடுக்கறா. சார் குடுத்த அந்த கடைசி ப்ரோகிராம்ல என்ன ஓட்டைன்னு யாருக்கும் தெரியலடி. எழுதி எழுதிப் பாத்தாச்சு. மிஷினா யாராவது செஞ்சு பாத்தாத்தான் தெரியும். ஞாயித்துக்கெழமை ஒரு தடவை வரியா?"

நான் வாயத் தெறக்குததுக்குள்ள அத்தை சொன்னா, "துட்டி வீட்டுப் புள்ளயப் பாத்து மிஷினுங்காளே. பதினாறு கழியாம படி தாண்ட மாட்டா."

அக்கா அம்மாவப் பாத்தாவ. அம்மா வாசலப் பாத்தா. அக்கா எந்திரிச்சாவ. போயிட்டு வரேன்னு சொல்ல வந்து, வெளிய இருந்து யாரோ தொண்டையச் செருமவும், வாய மூடிக்கிட்டுப் போனாவ.

அன்னைக்கு மத்தியானம், கூட்டம் கொஞ்சம் இல்லாதப்ப, அம்மா கேட்டா. "அங்க எம்புள்ள என்னத்தத்தான் சொல்லிக் குடுத்தான்? நீயும் கூடவே போன. எனக்கு ஒண்ணும் தெரியாது. ப்ரோகிராம்ன்னா என்னது?"

வண்டி, காபி எல்லாம் என் வாயில வந்திருக்கலாம். வரல. நான் வாசலப் பாத்துக்கிட்டே சொன்னேன், "வாசல்ல ஆள் வந்தா எந்திரி. கட்டிப் புடி. அழு. ஓஞ்சா உக்காரு. திரும்ப வாசலப் பாரு. இதாம்மா ப்ரோகிராம்."

அத்தை என் தோள்ல ஓங்கி ஒண்ணு போட்டா. "அழுகையக் கிண்டல் பண்ணுதா. பெத்தவ வயிறு எரியுது, இவளுக்குக் கிண்டல்."

"கிண்டல் பண்ணல அத்தை."

"பொறவு?"

அம்மா மட்டும் என்னயப் பாத்துக்கிட்டே இருந்தா. "இதச் சொல்லிக் குடுக்கவா கோட்டு மாட்டிக்கிட்டுப் போனான்"ன்னா. அவங்கிட்ட ஒரே ஒரு கோட்டு, சோர் பஜார்ல பழசா வாங்குனது, கை நீளம்.

ஞாயித்துக்கெழம விடிஞ்சதும் கொழாயில தண்ணி புடிச்சுட்டு வந்தேன். அம்மா கொடத்த வாங்கி எறக்கி வச்சா. அத்தை பொது கக்கூஸ் வரிசையில நின்ன நேரம்.

"போ"ன்னா அம்மா.

"எங்க?"

"அங்கதான். வாரவங்களுக்கு நான் அழுதுக்கிடுதேன். நீ போ. அத்தை வாரதுக்குள்ள வெரசாப் போ."

பாலத்துல நான் ஓடுனேன். மழையில கால் வழுக்குது. கீழ வண்டி போகுது. வெளிய வந்துட்டேன்னு மனசு சொல்லுது, நெஞ்சுல மட்டும் அந்த ரூமு அப்பிடியே இருக்கு.

இன்ஸ்டிட்யூட்ல மூணு பேருதான் இருந்தாவ. கிளார்க்கு சார், அக்கா, செம்பூர்லேருந்து வார ஒரு பெரியவரு, அவரு எப்பமும் பேச மாட்டாவ. டைப்ரைட்டருக்கெல்லாம் ரெக்சின் மூடி போட்டிருந்துச்சு, வரிசையா. என்னயப் பாத்ததும் கிளார்க்கு சார், "வாம்மா மிஷின், எண்ணெய் போட்டாச்சா"ன்னு பழக்கத்துல கேட்டுட்டு நாக்கக் கடிச்சாவ. எனக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு. பத்து நாளைக்கு மேல ஆச்சு, யாரும் எங்கிட்ட சிரிச்சுப் பேசி.

ஸ்டூல்ல உக்காந்தேன். கை முட்டு மேல. அக்கா அட்டைக் கட்ட என் மடியில வச்சாவ. அண்ணன் எழுதுன ப்ரோகிராம எதுத்தாப்ல சுவத்துல ஒட்டுனாவ. அவன் கையெழுத்து.

கிளார்க்கு சார் பேரு சொன்னாவ, தேடுனேன், கெடைச்சுது, மேஜையில வச்சேன், நின்னேன். அட்டையத் திரும்ப கட்டுல சேத்தாவ. அக்கா பேரு. கெடைச்சுது. செம்பூர்க்காரர் பேரு. கெடைச்சுது. வராதவங்க பேரு கூட. எல்லாம் கெடைச்சுது.

"ஓட்டையும் இல்லை, ஒண்ணும் இல்லை. சார் நம்மளைக் கலாட்டா பண்ணிட்டார்"ன்னாவ கிளார்க்கு சார். அப்புறம், எல்லாப் பேரும் தீந்து அண்ணன் பேருதான் பாக்கி, அந்த வேகத்துல, "சார்"ன்னாவ.

மேல இருக்குத அட்டைய எடுத்தேன். சார் இல்ல. அடியில சொருகுனேன். அடுத்தது எடுத்தேன். இல்ல. சொருகுனேன். அடுத்தது.

அக்கா, "ஐயோ, அது..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டாவ.

கட்டு ஒரு சுத்து வந்துட்டது எனக்குத் தெரியும். மொதல்ல வந்த அட்டையே திரும்ப வந்துச்சு. அண்ணன் அட்டை இதுல இல்லன்னு புரிஞ்சு போச்சு. ஆனா மிஷின் யோசிக்கக் கூடாது. எடுத்தேன். இல்ல. சொருகுனேன்.

"அவர் அட்டைய நான்தான் எடுத்து வச்சுண்டேன்"ன்னு அக்கா கிளார்க்கு சார்ட்ட மெதுவாச் சொல்லுதாவ. "இருக்கறவா பேரோட சேத்து வைக்க மனசு வரலை. எங்காத்துல அப்படி வைக்க மாட்டா."

"இப்போ சொல்றேளே! நிறுத்தும்மா. போறும், நிறுத்து."

நிறுத்தும்மான்னு சுவத்துல எழுதல. எடுத்தேன். இல்ல. சொருகுனேன். கிளார்க்கு சார் கிட்ட வந்தாவ, கைய நீட்டுனாவ, ஆனா ஒரு வயசுப் பொண்ணு தலையில எப்பிடிக் கொட்டுவாவ? கை அப்பிடியே நின்னுச்சு. நானும் அந்தக் கொட்டுக்குத்தான் உச்சந்தலையக் காட்டிக்கிட்டு இருந்தேன்னு அப்பந்தான் எனக்கே தெரிஞ்சுது. அது வராது. நான் பாட்டுக்கு எடுக்கேன், பாக்கேன், சொருகுதேன். அட்டை ஓரம் வெரல அறுக்குது. நிறுத்தணும்னு எனக்கும் ஆசைதான். முடியல. வீட்டுலயும் இதான், இங்கயும் இதான்.

அக்கா கைப்பையத் தெறந்தாவ. அண்ணன் அட்டை வெளிய வந்துச்சு. அத கட்டுல சொருகிட்டாப் போதும், எனக்குக் கெடைச்சுரும், நின்னுருவேன். அக்கா கையும் கிட்ட வந்துச்சு.

அப்ப செம்பூர்க்காரர் வாயத் தெறந்தாவ. "வேண்டாம்மா. அது பொய்யாப் போகும்."

அக்கா கைய இழுத்துக்கிட்டாவ. பொறவு பேனாவ எடுத்து, ஒரு வெத்து அட்டையில குனிஞ்சு எழுதுனாவ. எழுதி, சுவத்துல அண்ணன் கையெழுத்துக்குக் கீழ ஒட்டுனாவ. மொதல்ல பாத்த அட்டையே திரும்ப வந்தா, ஆள் இல்லைன்னு சொல்லு. நில்லு.

நான் படிச்சேன். அடுத்த அட்டைய எடுத்தேன். அது மொதல்ல பாத்த அட்டைதான்.

வாய் தெறந்துச்சு. இத்தன நாளு வாய் தெறந்துதான் இருந்துச்சு, ஆனா அந்தச் சொல்ல நான் ஒருக்காக்கூட சொல்லல. எங்க வீட்டுல யாருமே சொல்லல. எங்க போன எங்க போனன்னுதான் பாடிக்கிட்டு இருந்தோம்.

"ஆள் இல்ல"ன்னேன்.

கை நின்னுச்சு.

"அதான் ஓட்டை"ன்னு கிளார்க்கு சார் சொன்னாவ, பாதிச் சத்தத்துல. "இல்லாத ஆளைத் தேடினா நிக்காது." நான் மூடி போட்ட ஒரு டைப்ரைட்டர் மேல தலையச் சாச்சு அழுதேன். யாரும் என்னயக் கட்டிப் புடிக்கல. கூட யாரும் பாடல. எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

வீட்டுக்கு வந்தப்ப அத்தை வாசல்லயே நின்னா. திட்ட ஆரம்பிக்குததுக்குள்ள எங்க சொந்தத்துல ஒரு பெரியம்மா வந்துட்டா, குடைய மடக்கிக்கிட்டே. உள்ள போயி வட்டமா நின்னோம், கை போட்டோம். "எங்க போன என் ராசா, எங்க போயி நான் தேட"ன்னு பெரியம்மா எடுத்தா.

"அண்ணன் இல்ல பெரியம்மா"ன்னேன். பாட்டா இல்ல, சாதாரணமாத்தான் சொன்னேன்.

பெரியம்மா பாட்டு நடுவுல அறுந்துச்சு. அத்தை கிள்ளக் கை கொண்டு வந்தா. அம்மா அந்தக் கையத் தட்டி விட்டா. என் தோள்ல இருந்த தன் கையயும் எடுத்துட்டு, "நீ போயி அடுப்பப் பாரு"ன்னா.

அடுப்பு அதே ரூம்லதான், ரெண்டு எட்டு தள்ளி. அங்க போயி சொவத்தப் பாத்து உக்காந்தேன். ஒலை கொதிக்குது, அரிசி போடல. பின்னால திரும்பவும் பாட ஆரம்பிச்சாவ. வாசல்ல இன்னொரு நெழல் விழுந்தது தெரிஞ்சுது. அம்மா எந்திரிச்சா. நான் எந்திரிக்கல.